கண்ணாடித் தொட்டியும் கெலிசா மீனும்
பேராக் மாநிலத்தில் நீருயிர் வளர்த்த வரலாறு

தோற்றுவாய்

நீரில் வாழும் உயிர்களை வீட்டிற்குள் வைத்து வளர்ப்பது இன்று எளியதொரு பொழுதுபோக்காகக் கருதப்படுகிறது. ஈப்போ நகரின் உணவகங்களிலும் வணிகக் கடைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் கண்ணாடித் தொட்டிகளைக் காணலாம். குழந்தைகள் அவற்றின்முன் நின்று வியக்கின்றனர். பெரியோர் வேலைக் களைப்பு நீங்க அவற்றின் எதிரே அமர்கின்றனர். ஆயினும் அத்தொட்டிகளுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது மனிதனின் அறிவு வேட்கையில் தொடங்கி, ஆசையாலும் வாணிகத்தாலும் வளர்ந்து, இயற்கையின் இழப்பில் வந்து நிற்கும் வரலாறாகும். அவ்வரலாற்றில் பேராக் மாநிலத்திற்குத் தனியிடம் உண்டு.

நீருயிர்களைப் பேணுதல் தமிழர்க்குப் புதியதன்று. பாண்டியர் மீனைக் கொடியில் பொறித்தனர். கயல், கெண்டை, வரால், வாளை, இறால் எனப் பெயர் பிரித்துச் சங்கப் புலவர்கள் நீருயிர்களை அறிந்திருந்தனர். கோயில் திருக்குளத்து மீன்களுக்குப் பொரி தூவுவது இன்றளவும் மறையாத வழக்கம். ஆனால் அம்மீன்கள் குளத்திலேயே வாழ்ந்தன; மனிதன் கரையில் நின்றான். நீரையே பெயர்த்து வீட்டிற்குள் கொண்டுவந்து, பக்கவாட்டிலிருந்து அவ்வுயிர்களின் வாழ்வைக் காண்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய புதுமையாகும்.

முதல் தொட்டியும் பேய்க்கணவாயும்

கண்ணாடித் தொட்டி முதன்முதலில் மீனுக்காகச் செய்யப்படவில்லை. பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிருக்காகவே செய்யப்பட்டது. எட்டுக் கைகள் உடையதும், தமிழகக் கடற்கரை மீனவர்களால் பேய்க்கணவாய் என்று அழைக்கப்படுவதுமான அவ்வினத்தில் 'ஆர்கோநாட்' என்னும் ஒரு வகை உண்டு. அதன் பெண் உயிர், தாள்போல் மெல்லிய வெண்ணிற ஓடு ஒன்றைச் சுமந்து கடலில் மிதக்கும். அவ்வோடு அதற்கே உரியதா, அல்லது துறவி நண்டு சங்கினுள் புகுந்து வாழ்வதுபோல் பிறிதோர் உயிரின் ஓட்டை அது கவர்ந்துகொள்கிறதா என்னும் ஐயம் நெடுங்காலம் அறிஞரை வருத்தியது.

அவ்வையத்தைத் தீர்த்தவர் ழான் வில்பிரே பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. 1794இல் சிற்றூர் ஒன்றில் செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்த அவர், பாரிசு நகரில் தையல் வேலை செய்து வந்தார். 1818இல் வணிகர் ஒருவரை மணந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினார். உயர்கல்வி பெறாத அவர், கடற்கரையில் கிடைத்த உயிர்களைத் தாமே கூர்ந்து நோக்கிக் கற்றார். இறந்த உயிர்களைச் சாராயத்தில் இட்டுப் பார்ப்பதால் உண்மை விளங்காது என உணர்ந்து, 1832இல் கண்ணாடித் தொட்டிகளை வடிவமைத்து, கடல்நீரை நிரப்பி, உயிருள்ள ஆர்கோநாட்டை அவற்றில் வைத்து ஆராய்ந்தார். உடைந்த ஓட்டை அவ்வுயிர் தானே செப்பனிடுவதையும், தன் அகன்ற கைகளினின்று சுரக்கும் பொருளால் அவ்வோட்டைத் தானே ஆக்குவதையும் கண்டறிந்து நிறுவினார். இவ்வாறு தையற்பெண் ஒருத்தியின் பொறுமையிலிருந்து நீருயிர்த் தொட்டி பிறந்தது.

பின்னர் 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான நீருயிர்க் காட்சியகம் திறக்கப்பட்டது. தமிழகத்தில், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், மெரினா கடற்கரையில் 1909இல் அத்தகைய காட்சியகம் ஒன்று எழுந்தது. கடல்மீன்களை உயிருடன் காணத் திரண்ட மக்களுக்கு அது வியப்பளித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

பேய்க்கணவாயை வீட்டில் வளர்ப்பது இன்றும் அரிய செயலே. அதற்கு மூன்று இதயங்கள் உண்டு. உயிர்வளி மிகுந்த தூய கடல்நீர் இன்றேல் விரைவில் வாடும். எலும்பில்லாத உடலாதலால் விரல் நுழையும் இடுக்கு வழியாகவும் வெளியேறிவிடும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்தில் இருந்த ஒரு பேய்க்கணவாய், 2016இல் தொட்டியிலிருந்து வெளியேறி, தரையைக் கடந்து, வடிகுழாய் வழியாகக் கடலையே அடைந்தது. இவ்வளவு அறிவு படைத்த அவ்வுயிரின் வாழ்நாள், பெரும்பாலான வகைகளில், ஓரிரண்டு ஆண்டுகளே. தாய் முட்டைகளைக் காத்து, உண்ணாமல் கிடந்து, குஞ்சுகள் வெளிவரும் வேளையில் உயிர்விடும். தன்னையே ஈந்து தலைமுறையைக் காக்கும் இப்பண்பு நீருலகில் வேறு வடிவங்களிலும் காணப்படுகிறது. பேராக்கின் நன்னீரில் அது தாயிடம் இல்லை, தந்தையிடம் உள்ளது.

தோட்டத்து அல்லூரும் சண்டை மீனும்

பேராக்கில் தமிழர் குடியேற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியது. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப்பின் ஆங்கிலேயர் ஆதிக்கம் நிலைபெற, கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் விரிந்தன. அங்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்பட்ட தமிழர் பலர் காய்ச்சலாலும் கடும் உழைப்பாலும் மாண்டனர். 1910இல் அம்முறையில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938வரை தொடர்ந்தது. இதற்கிடையே கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. சுங்கை சிப்புட், தாப்பா, சித்தியவான், பாகான் செராய் எனப் பேராக் எங்கும் பால்மரக் காடுகளும் அவற்றின் நடுவே லயன் வீடுகளும் எழுந்தன.

லயனுக்குப் பின்புறம் ஓடிய சிறு நீரோடையைத் தோட்டத் தமிழர் அல்லூர் என்றனர். விடியலில் பெற்றோர் பெரட்டுக்குச் சென்றபின், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த அல்லூரே விளையாட்டுக்களம். வலை வாங்கப் பணம் இல்லாத இடத்தில் கூடையும் பழந்துணியும் வலையாயின. பிடிபட்ட விராலும் கெளுத்தியும் குழம்புச் சட்டிக்குச் சென்றன. உண்ணப் பயன்படாத சிறிய சண்டை மீன் மட்டும் கண்ணாடிப் புட்டியில் இடம்பெற்றது. தோட்டப் பிள்ளைகளின் முதல் மீன்தொட்டி அந்தப் புட்டிதான்.

சண்டை மீன் புட்டிக்குள் உயிர்வாழ்வதற்குக் காரணம் உண்டு. செவுள்களேயன்றி, தலைப்பகுதியில் காற்றைச் சுவாசிக்க உதவும் மடிப்பு உறுப்பும் அதற்கு அமைந்துள்ளது. அடிக்கடி மேலெழுந்து காற்றை விழுங்குவதால், உயிர்வளி குறைந்த நீரிலும் அது மடிவதில்லை. பனையேறிக் கெண்டையும் அவ்வாறே. டேனியப் படையலுவலரான டால்டார்ஃப், 1791இல் தரங்கம்பாடியில் அம்மீன் ஒன்று பனைமரத்தில் ஏறுவதைக் கண்டதாக எழுதிய செய்தி, 1797இல் இலண்டனில் வெளியாகி ஐரோப்பியரை வியக்கவைத்தது. தமிழர் வைத்த பெயரோ அதற்கு முன்பே அம்மீனின் இயல்பைக் கூறிக்கொண்டிருந்தது. மலாய்க்காரர் புயு என அழைப்பதும், வீட்டில் வளர்ப்பதும் இம்மீனையே.

சண்டை மீனை அறிவியலுலகம் அறிந்ததிலும் இவ்வட்டாரத்திற்குப் பங்குண்டு. பினாங்கில் பணியாற்றிய டென்மார்க் நாட்டு மருத்துவர் தியோடர் கேண்டர், சயாம் மன்னர் வழங்கிய சண்டை மீன்களை மற்றொருவர் வழியாகப் பெற்று ஆராய்ந்து, 1849இல் மலாயா மீன்களைப் பற்றிய தம் நூலில் விவரித்தார். அம்மீனுக்கு இன்று வழங்கும் அறிவியற் பெயரை 1910இல் சூட்டியவர் ரீகன் என்னும் ஆங்கில அறிஞர். மலாயாவின் வயல்களிலும் ஓடைகளிலும் வாழும் உறவினம் ஒன்று 1975இல்தான் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட 'இம்பெல்லிஸ்' என்னும் இலத்தீன் பெயருக்குப் போரை விரும்பாதது என்பது பொருள். பிள்ளைகள் புட்டியோடு புட்டி சேர்த்துச் சண்டைக்குத் தூண்டிய மீனின் உண்மைப் பெயர் இதுவென அறியும்போது, மனிதன் தன் குணத்தை மீனின்மேல் ஏற்றிய வேடிக்கை விளங்கும்.

சண்டை மீனின் ஆண், வாயிலிருந்து நுரைக்குமிழ்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு நீர்மேல் கூடு அமைக்கும். பெண் இடும் முட்டைகள் நீரில் இறங்குகையில் அவற்றை வாயால் ஏந்திக் கொண்டுபோய்க் கூட்டில் சேர்க்கும். குஞ்சுகள் நீந்தும்வரை இரவுபகலாகக் காவல் நிற்கும். அல்லூரின் ஓரத்தில் குனிந்து பொறுமையோடு காத்திருந்த பிள்ளைகளுக்கு இக்காட்சி எந்தப் பாடநூலும் இன்றிக் கிடைத்தது.

அந்த அல்லூர்கள் நெடுநாள் தூயனவாக இருக்கவில்லை. ரப்பர் ஆலைகளின் அமிலக் கழிவும், பின்னர்ச் செம்பனை ஆலைகளின் கழிவும் ஓடைகளில் விடப்பட்டன. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டு, 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் கழிவுநீர் விதிகள் வகுக்கப்பட்டன. தோட்டங்களோ அதற்குள் மாறத் தொடங்கியிருந்தன. விடுதலைக்கு முன்னும் பின்னும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளரைக் காக்கும் நோக்கில் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பல தோட்டங்கள் கைமாறின, ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புப் பகுதியாயிற்று. லயனை விட்டு நகரின் அடுக்குமாடிகளுக்குச் சென்ற குடும்பங்களோடு, அல்லூரைப் பற்றிய அறிவும் மெல்ல மறைந்தது.

ஈயக்குட்டைகளின் மறுவாழ்வு

பேராக்கின் மற்றொரு நீர்நிலை, மனிதன் தோண்டி விட்டுச்சென்ற ஈயக்குட்டை. மக்கள் வழக்கில் ஈய லம்பம் எனப்பட்ட சுரங்கங்கள் கிந்தாப் பள்ளத்தாக்கை உலகறியச் செய்தன. 1938இல் கட்டப்பட்ட தஞ்சோங் துவாலாங் ஈயவாரிக் கப்பல் 1982இல் ஓய்ந்து நின்றது. 1985இல் உலக ஈயச் சந்தை வீழ்ந்தபோது எஞ்சிய சுரங்கங்களில் பலவும் மூடப்பட்டன. மண்வளம் போய் மணல்மேடுகளும் குட்டைகளுமே மிஞ்சின.

அக்குட்டைகளில் மீன்வளர்ப்புப் புதிய தொழிலாயிற்று. உணவுக்குரிய கெண்டை வகைகளும், சப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவிற்கு வந்த திலாப்பியாவும், தஞ்சோங் துவாலாங் வட்டாரத்துப் பெரிய இறாலும் பெயர்பெற்றன. அவற்றோடு அழகு மீன் பண்ணைகளும் எழுந்தன. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளினின்று வரும் நீர் கடினத்தன்மையுடையது. பொன்மீனுக்கு அத்தகைய நீர் ஏற்றது. சீனநாட்டில் சோங் பேரரசர் காலந்தொட்டுப் பொன்மீன் வளர்த்த மரபு, குடியேறிய சீனரோடு வந்து இம்மண்ணில் வேரூன்றியது. ஜொகூர் மாநிலத்தோடு பேராக்கும் அழகு மீன் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்பதற்கு இப்பின்னணியே காரணம் எனலாம்.

எனினும் இதில் ஒரு தீங்கும் விளைந்தது. வளர்த்துச் சலித்த மீன்களை மக்கள் ஆற்றிலும் குட்டையிலும் விட்டனர். தென்னமெரிக்காவைச் சேர்ந்த மயில் கெண்டை ஈயக்குட்டைகள் பலவற்றில் பெருகி நாட்டு மீன்களின் குஞ்சுகளை உண்டது. தொட்டியின் பாசியைத் துப்புரவு செய்ய வாங்கப்பட்டு, நகராட்சி மீன் என வேடிக்கையாகப் பெயர்பெற்ற கவச மீன், ஆறுகளில் நிறைந்து மீனவர் வலைகளைக் கிழித்தது. உயிரை விடுவிப்பது அறம் என எண்ணி ஒருவர் செய்யும் செயல், ஓர் ஆற்றின் உயிர்களுக்கெல்லாம் கேடாய் முடிவதுண்டு.

புக்கிட் மேரா ஏரி

பேராக்கின் வடக்கே, தைப்பிங்கிற்கும் பாகான் செராய்க்கும் இடையே புக்கிட் மேரா ஏரி உள்ளது. கிரியான் வட்டார நெல்வயல்களுக்கு நீர்வழங்கக் குராவ் ஆற்றின் குறுக்கே அணை எழுப்பப்பட்டு, 1906இல் பணி நிறைவுற்றது. நாட்டின் மிகப் பழமையான செயற்கை ஏரி என்னும் பெருமை இதற்குண்டு. இருபதாயிரம் ஹெக்டருக்கும் மேற்பட்ட வயல்கள் இதன் நீரால் விளைகின்றன. கரும்புத் தோட்டங்களில் தமிழர் வியர்வை சிந்திய அதே கிரியான் வட்டாரத்தில், மலாய்க்கார, பஞ்சார் உழவர்களின் நெல்லுக்காக எழுந்த ஏரி இது. தொடருந்துப் பாதை இதன் குறுக்கே செல்வதால், பினாங்கை நோக்கிப் பயணம் செய்வோர் இருபுறமும் விரிந்த நீர்ப்பரப்பைக் கண்டு மகிழலாம்.

அணையால் மூழ்கிய காடு சதுப்பாயிற்று. தாழை இனத்தைச் சேர்ந்த ராசாவ் புதர்கள் நீருக்குள் அடர்ந்தன. அப்புதர்களின் நிழலில், தேநீர் நிறம் கொண்ட நீரில், பொன்னிறச் செதில்களோடு உலவியது கெலிசா மீன்.

கெலிசாவின் கதை

வணிக உலகில் அரோவானா எனப்படும் கெலிசா மிகத் தொன்மையான குலத்தைச் சேர்ந்தது. அதன் நாக்கில் எலும்பும் பற்களும் உண்டு. ஆகவே எலும்பு நாக்கு மீன் எனவும் வழங்குவர். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். நீர்மட்டத்தில் உலவி, தாழ்ந்த கிளையில் அமர்ந்த பூச்சியைத் துள்ளிப் பற்றும். அதன் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் வாழ்கின்றன. கண்டங்கள் பிரிவதற்கு முன்னைய உலகின் சான்றாக அதனைக் கொள்வோரும் உளர்.

கெலிசாவின் பெண் இடும் முட்டைகள் சில பத்துகளே; அரிதாகவே நூறை எட்டும். கெண்டையைப்போல் இலக்கக்கணக்கில் இடுவதில்லை. ஒவ்வொரு முட்டையும் கோலிக்குண்டு போலப் பெரிதாக இருக்கும். அவற்றை ஆண் மீன் தன் வாயில் ஏந்திக்கொள்ளும். குஞ்சுகள் தாமே நீந்தும்வரை, ஏறக்குறைய இரண்டு திங்கள், அது இரை உண்பதில்லை. எண்ணிக்கை குறைவாகவும் காவல் மிகுதியாகவும் அமைந்த இம்முறை, மனிதன் தலையிடாதவரை கெலிசாவைக் காத்துவந்தது.

முற்காலத்தில் உள்ளூர் மக்கள் கெலிசாவைச் சிறப்பாகக் கருதவில்லை. முள் மிகுந்த மீனாகையால் உணவுக்கும் அவ்வளவாக விரும்பவில்லை. பெரிய செதிலும், வாய்முனையில் நீண்ட இரு மீசைகளும், அசைந்தாடும் உடலும் சீனரின் நாகப்பறவை வடிவத்தை நினைவூட்டவே, அதனை வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்னும் நம்பிக்கை பரவியது. ஆங்காங்கு, தைவான், சப்பான் நாடுகளில் விருப்பம் பெருக விலையும் ஏறியது. முதுகைத் தாண்டியும் பொன்னிறம் படரும் மலாயாக் கெலிசாவுக்கு மதிப்பு மிகுதி. அவ்வகைக்குப் புக்கிட் மேரா பெயர்போன தாயகமாயிற்று.

வேட்டை முறைதான் கொடியது. குஞ்சுகளைப் பெற வேண்டுமாயின் வாயில் ஏந்திய தந்தையைப் பிடிக்க வேண்டும். வலையில் சிக்கிய ஆண் மீனின் வாயைத் திறந்து, மஞ்சட்கரு ஒட்டிய குஞ்சுகளை எடுத்துக்கொள்வர். எந்தக் காவலால் அவ்வினம் பல ஊழிக்காலம் நிலைத்ததோ, அந்தக் காவலே அதன் கேட்டிற்கு வழியாயிற்று. மூன்று நான்கு ஆண்டுகள் வளர்ந்தபின்னரே இனம்பெருக்கும் மீன் ஆதலால், எடுத்த அளவுக்கு ஈடுசெய்ய இயற்கையால் இயலவில்லை. சுற்றியுள்ள நிலங்களில் செம்பனை பெருகி, வண்டல் படிந்து ஏரியின் ஆழம் குறைந்ததும் அதற்குத் துணைசெய்தது.

அழியும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. மிகக் கடுமையான காவல் பெறும் முதற்பட்டியலில் கெலிசாவும் இடம்பெற்றது. மலேசியா 1977இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. அதன்பின் காட்டிலிருந்து பிடித்த கெலிசாவை நாடுகளிடையே விற்க இயலாது. பதிவுபெற்ற பண்ணையில் பிறந்த இரண்டாம் தலைமுறை மீனையே விற்கலாம். ஒவ்வொரு மீனின் உடலிலும் அரிசிமணி அளவான மின்சில்லு பொருத்தப்பட்டு, அதற்கெனச் சான்றிதழும் வழங்கப்படுகிறது. மனிதர் பலர் அடையாள ஆவணமின்றித் தோட்டப்புறங்களில் அல்லற்பட்ட நாட்டில், மீனுக்குப் பிறப்புச் சான்று கிடைத்திருப்பது எண்ணத்தக்கதே.

இதன் பயனாகப் பண்ணைகளில் கெலிசா ஆயிரக்கணக்கில் பெருகியது. காட்டு நீரிலோ அரிதாகவே உள்ளது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழியும் நிலையிலுள்ள இனமாகவே குறித்துள்ளது. தொட்டியில் பல்கியும் தாயகத்தில் அருகியும் நிற்கும் இந்நிலையே கெலிசாவின் கதை நமக்குக் காட்டும் முரண்.

முடிவுரை

மெசினாவின் தையற்பெண் கண்ணாடித் தொட்டியை அமைத்தது ஓர் உயிரின் உண்மையை அறிவதற்காக. தோட்டப் பிள்ளைகள் புட்டியில் மீனை வைத்தது வியப்பினால். நாகப்பறவையின் சாயலைத் தேடியோர் கெலிசாவை வைத்தது செல்வத்தின் மீதுள்ள ஆசையினால். தொட்டி ஒன்றே, நோக்கம் வேறாகும்போது விளைவும் வேறாகிறது.

பேராக்கின் தமிழ்ப்பள்ளிகளில் இன்று பயிலும் மாணவருள் பெரும்பாலோர் அல்லூரைக் கண்டிரார். ஆனால் சண்டை மீனின் நுரைக்கூட்டையும், விரால் குஞ்சுகளைக் கூட்டிச் செல்லும் முறையையும், மழைநாளில் பனையேறி ஈரத்தரையில் ஊர்ந்து வருவதையும் கண்ட பாட்டன் பாட்டியர் இன்னும் வீடுகளில் உள்ளனர். அவர்தம் வாய்மொழியை எழுதி வைப்பது மொழிப்பாடத்திற்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்தரும் பணியாகும். அல்லூர், பெரட்டு, லம்பம் என்னும் சொற்கள் அகராதிகளில் பரவலாக இடம்பெறாதவை. அவை மறைந்தால் அவை சுட்டிய வாழ்வும் நீரும் மீனும் நினைவினின்று நீங்கிவிடும்.

ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் சிறு கண்ணாடித் தொட்டி ஒன்றை வைப்பாராயின், அம்மீன் எங்கிருந்து வந்தது, அதன் தாயகம் எந்நிலையில் உள்ளது, அதனை ஆற்றில் விடலாகாது ஏன் என்னும் வினாக்களையும் அதனோடு சேர்த்து வைத்தல் வேண்டும். அவ்வினாக்கள் இருக்குமாயின் தொட்டி பள்ளிக்கூடமாகும். இல்லையேல் அழகிய சிறையாகவே எஞ்சும்.

புக்கிட் மேராவின் ராசாவ் நிழலில், வாயை இறுக மூடி, பசி பொறுத்து, தன் மக்களை ஏந்தி நிற்கும் கெலிசாத் தந்தை இன்னும் இருக்கக்கூடும். அதன் வாயைத் திறவாமல் விடுவதற்கு மனிதன் கற்றுக்கொள்ள வேண்டும்.